ஆட்டுத்தோலும் லேசர் தட்டும்

போன மாசம் ஊருக்குப் போனப்போ படிச்ச பள்ளிக்கூடத்துக்குள்ள ஒரு நடை எட்டிப் பார்த்தேன். நூலகம்னு ஒரு ரூம் (ரெண்டு இரும்பு பீரோ, ஒரு மேசை, அவ்ளோதான்). தமிழய்யா பீரோவைத் திறந்து ஒரு சிடியை எடுத்து, "உங்க செட்டு பண்ணதுடா, ஞாபகம் இருக்கா?"ன்னு நீட்டினார்.

இல்லாம என்ன. 2011, ஒன்பதாங்கிளாஸ். 'எங்கள் ஊர் வரலாறு'ன்னு ஆளுக்கொரு கட்டுரை. நாற்பது பேரும் வீட்டுப் பெரியவங்ககிட்ட கதை கேட்டு எழுதிட்டு வந்தோம். நான் எங்க தாத்தாகிட்ட கேட்டு மூணு பக்கம் எழுதினேன். டவுன்ல ஒரு டிடிபி கடையில அடிச்சு சிடியில போட்டாச்சு. இனிமே கரையான் பயம் இல்லைன்னு ஆண்டுவிழாவுல பெருமையா அறிவிச்சாங்க. தாத்தா 2016ல போய்ச் சேர்ந்தார். கையால எழுதின நோட்டு அதுக்கும் முன்னாடியே பழைய பேப்பர்காரர் தராசுல போயிருந்தது.

சிடியை வாங்கிட்டு வந்தேன். அதைத் திறக்கப் பட்ட பாட்டைக் கடைசியில சொல்றேன். பாதி ராத்திரியில அதோட மல்லுக்கட்டிட்டு இருந்தப்போ, இங்கிலாந்துல இதே வேலையை லட்சக்கணக்கான பேரை வச்சுப் பண்ணி மாட்டிக்கிட்ட கதை ஞாபகம் வந்துச்சு. அது முதல்ல.

1085 கிறிஸ்துமஸ் சமயம். இங்கிலாந்தைப் பிடிச்ச முதலாம் வில்லியம், நாடு பூரா ஊர் ஊரா ஆள் அனுப்பி, யார்கிட்ட எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை ஆலைன்னு கணக்கெடுக்கச் சொன்னார். எல்லாம் வரி விஷயம்தான், நம்ம ஊர் சிட்டா அடங்கல் மாதிரி வச்சுக்கோங்க. 1086ல எடுத்த அந்தக் கணக்கை ஆட்டுத்தோல்ல லத்தீன்ல எழுதி வச்சாங்க. அதுதான் டூம்ஸ்டே புத்தகம். லண்டன் பக்கத்துல கியூங்கற இடத்துல, தேசிய ஆவணக் காப்பகத்துல இன்னிக்கும் பத்திரமா இருக்கு.

அதோட 900வது வருஷத்துக்கு பிபிசி ஒரு திட்டம் போட்டது. இந்தத் தடவை கணக்கெடுக்கப் போனது அதிகாரிங்க இல்லை, பெரும்பாலும் பள்ளிக்கூடப் பசங்க. அதுக்குத் தோதா, 1981 கடைசியில வந்த பிபிசி மைக்ரோங்கற கம்ப்யூட்டர் ஏற்கெனவே பள்ளிகள்ல உட்கார்ந்திருந்தது. பாதி விலையை அரசாங்கமே கொடுத்து வாங்க வச்சிருந்தாங்க. 32 கேபி மெமரி! (சிரிக்காதீங்க மக்களே. 1984-85ல நம்ம மத்திய அரசு 'கிளாஸ்'னு ஒரு திட்டத்துல 250 பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்சப்போ கொண்டுவந்ததும் இதே பொட்டிதான்.)

நாட்டை 4 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டங்களாப் பிரிச்சாங்க. அந்தந்தக் கட்டத்துல இருக்கற பள்ளிக்கூடம், இல்லைன்னா ஊர்ல இருக்கற ஏதோ ஒரு சங்கம், அந்த இடத்தைப் பத்தி எழுதணும், படம் எடுக்கணும். கடைத்தெரு, பண்ணை, மத்தியானச் சாப்பாடு, விளையாட்டு, வேலையில்லாத் திண்டாட்டம்னு பசங்க கண்ணுல பட்டதையெல்லாம் எழுதினாங்க. பத்து லட்சத்துக்கும் மேல ஆளுங்க கலந்துக்கிட்டாங்க. சேர்ந்தது கிட்டத்தட்ட 1,47,000 திரைப் பக்கம், 23,000 போட்டோ.

இவ்வளவையும் எங்க வைக்கறது? அந்தக் காலத்துல ஹார்ட் டிஸ்க் யானை விலை, குதிரை விலை. அதனால லேசர் டிஸ்க். தோசைக்கல் சைஸ்ல ரெண்டு தட்டு. இங்கதான் எனக்கு வாயைப் பிளக்க வச்ச விஷயம். எழுத்தெல்லாம் டிஜிட்டல், ஆனா போட்டோவும் மேப்பும் டிவி படம் மாதிரி அனலாக். ரெண்டும் ஒரே தட்டுல! பக்கத்துக்கு 300 எம்பி அளவுக்கு டேட்டா, அதுக்கு மேல பல்லாயிரம் படம். ப்ளேயர் படத்தைக் காட்ட, அதுமேல கம்ப்யூட்டர் எழுத்தைக் கொண்டுவந்து ஒட்டும். 1986ல இதை யோசிச்சவங்களுக்குக் கோயில் கட்டலாம்.

ஆனா விலை? கம்ப்யூட்டர், ப்ளேயர் எல்லாம் சேர்த்து சுமார் 5,000 பவுண்டு. எத்தனை பள்ளிக்கூடம் வாங்கும், எத்தனை நூலகம் வாங்கும்? எழுதிக் கொடுத்த பசங்கள்ல பல பேர் தாங்க எழுதினதைத் திரையில பார்த்ததே இல்லை. எனக்கு இந்தக் கதையில ரொம்ப உறுத்தறது இதுதான். பள்ளிக்கூடத்துல வாங்கினது உழைப்பை. செஞ்சு முடிச்ச பொருளோ பள்ளிக்கூடத்துக்குக் கட்டுப்படியாகாத விலை. 2002 வாக்குல ஓடற ப்ளேயர் கிடைக்கறதே குதிரைக் கொம்பு. 900 வருஷத்து ஆட்டுத்தோலைப் படிக்க முடியுது, 16 வருஷத்துத் தட்டைப் படிக்க முடியலையேன்னு பத்திரிகைங்க எல்லாம் கிழிச்சுது.

இதுல ஒரு சின்ன நியாயம் பேசணும். தட்டு கெட்டுப் போகலை. அதைச் சுத்தி இருந்ததுதான் செத்துப் போச்சு: ப்ளேயர், கம்ப்யூட்டர், ரெண்டையும் பேச வச்ச புரோகிராம். ஆட்டுத்தோலையும் எவனும் சும்மா படிச்சிட முடியாது, சுருக்கெழுத்து மாதிரி லத்தீன். ஆனா அதுக்கு லத்தீன் கத்துக்கிட்டா போதும், கரன்ட் வேண்டாம்.

லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரங்க சேர்ந்து, டேட்டாவைத் தட்டுலேர்ந்து உருவி, பழைய பொட்டி மாதிரியே நடிக்கற எமுலேட்டர் எழுதி, 2002 கடைசியில ஓட்டிக் காட்டினாங்க. படங்களை பிபிசிகிட்ட இருந்த மூல வீடியோ டேப்புலேர்ந்து இன்னும் சுத்தமா எடுத்தாங்க. அப்புறம் ஒரு தனி மனுஷர் 2004ல இதை இணையத்துல ஏத்தினார். 2008ல அவர் இறந்தார், தளமும் கூடவே போச்சு. 2011ல பிபிசியே மறுபடி ஏத்தினது. 2018ல அதையும் மூடிட்டாங்க. இப்ப அதோட நகல் தேசிய ஆவணக் காப்பகத்தோட இணையச் சேமிப்புல இருக்கு. ஆட்டுத்தோலைக் காப்பாத்தற அதே காப்பகம்!

சரி, நம்ம சிடிக்கு வருவோம். முதல்ல டிரைவ். வீட்டுல இருக்கற மூணு லேப்டாப்புல ஒண்ணுலயும் கிடையாது. ஆபீஸ் நண்பர் ஒருத்தர்கிட்ட கடன் வாங்கினேன். ஏழெட்டுத் தடவை கர்ர்ருன்னு கத்திட்டு, நாற்பது ஃபைல்ல முப்பத்தி நாலைக் கொடுத்துச்சு. என்னோடது இருந்தது. திறந்தா ஒரே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினி ஃபான்ட்! 'தமிழ்'னு இருக்க வேண்டிய இடத்துல ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. 2011ல யூனிகோட் வந்து வருஷம் எத்தனையோ ஆச்சு, ஆனா டிடிபி கடைக்கு அது வரலை.

இணையத்துல மாத்தி நிறைய இருக்கு. ஆனா நமக்குத்தான் கை சும்மா இருக்காதே, நானே ஸ்கிரிப்ட் எழுதினேன். பாதி நாள் கொம்பு படுத்தி எடுத்துடுச்சு. பாமினியில கண்ணுக்குத் தெரியற வரிசையில கொம்பு எழுத்துக்கு முன்னாடி வரும், யூனிகோட்ல பின்னாடி வரணும். 'கொ' வந்தா கொம்பையும் காலையும் தேடிப் பிடிச்சு ஒண்ணாக்கணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒருவழியா தாத்தா பேச ஆரம்பிச்சார். அரிசி ஆலைச் சங்கு ஊதறதை வச்சுத்தான் ஊர்ல உலை வைப்பாங்களாம். சங்கு நின்ன வருஷம் கொஞ்ச நாளைக்கு எல்லாருக்கும் சாப்பாடு தள்ளிப் போச்சாம். 'உலை'யை 'உழை'ன்னு எழுதியிருக்கேன், அதை அப்படியே விட்டுட்டேன்.

முப்பத்தி நாலு கட்டுரையையும் அச்செடுத்து, பைண்டு பண்ணி, போன வாரம் தமிழய்யாகிட்ட கொடுத்தேன். அந்த ஆறு பேர்ல நாலு பேரைப் பிடிச்சுக் கேட்டாச்சு, யார்கிட்டயும் இல்லை. ரெண்டு பேர் பாக்கி. அய்யா நூலகப் பதிவேட்டைப் பிரிச்சு, கண்ணாடியை மூக்குல ஏத்திக்கிட்டு, மை பேனாவால வரிசை எண் போட்டு எழுதினார். நாலஞ்சு பக்கம் முன்னாடி, 2011ல, அதே கையெழுத்துல: 'குறுந்தகடு – 1.'