போடிமெட்டுக்கு இப்பாலும் அப்பாலும்: மூன்றாவது அரசியலால் எது நிலைக்கிறது?

தமிழ்நாட்டில் ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்பாக 'மாற்று' என்னும் சொல் தலைதூக்குகிறது. வாக்கு எண்ணி முடிந்த மாலையில் அடங்கிவிடுகிறது. இரு பெரும் கழகங்களுக்கு வெளியே நிற்கும் ஓர் இயக்கம் ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வில் நிலைத்த மாற்றத்தைக் கொண்டுவர முடியுமா என்னும் கேள்விக்கு, வென்ற இடங்களை எண்ணி விடை காண்பதே நம் வழக்கம். அந்தக் கணக்கை முதலில் முடித்துக்கொள்வோம்.

2005 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பட்ட தேமுதிக, 2006 சட்டமன்றத் தேர்தலில் 8 விழுக்காட்டுக்கும் மேல் வாக்குப் பெற்றது. கிடைத்த இடம் விருத்தாசலம் ஒன்றுதான். 2009 மக்களவைத் தேர்தலில் அதன் வாக்கு 10 விழுக்காட்டை எட்டியது, இடம் ஏதுமில்லை. 2011இல் அதிமுகவுடன் சேர்ந்ததும் 29 இடங்கள் வந்தன. தனித்து நின்றால் வாக்கு, சேர்ந்து நின்றால் இடம் என்பது நம் தேர்தல் முறையின் இயல்பு. 2016இல் மதிமுக, விசிக, இரு கம்யூனிஸ்ட் கட்சிகள் அமைத்த மக்கள் நலக் கூட்டணி, தேமுதிகவையும் தமாகாவையும் சேர்த்துக்கொண்டும் ஓர் இடத்தைக்கூடப் பெறவில்லை. காட்டுமன்னார்கோவிலில் தொல். திருமாவளவன் 87 வாக்குகளில் தோற்றார்.

இதே விசிகவின் வரலாற்றை நீளவாக்கில் வாசித்தால் வேறொன்று புலப்படும். தேர்தலைப் புறக்கணித்துவந்த அவ்வியக்கம் 1999இல் மூப்பனாரின் அணியில் சேர்ந்து முதன்முறையாகக் களம் கண்டது. 2001இல் மங்களூர் தொகுதியில் உதயசூரியன் சின்னத்தில் வென்ற திருமாவளவன் 2004இல் அப்பதவியைத் துறந்தார். பிறர் சின்னத்தில் வென்றவர் சட்டத்தின் பார்வையில் அக்கட்சியின் உறுப்பினர். அரசமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி அதன் கொறடாவின் ஆணைக்குக் கட்டுப்பட்டவர். நம் மக்களின் வாக்கில் வென்றும் நம் குரலில் பேச முடியாத நிலை அது. 2024இல் சிதம்பரம், விழுப்புரம் இரண்டையும் பானைச் சின்னத்தில் வென்ற பிறகே விசிக மாநிலக் கட்சியாக அங்கீகாரம் பெற்றது. தேர்தலுக்குள் நுழைந்து 25 ஆண்டுகள் ஆகியிருந்தன; அவற்றில் பெரும்பகுதி ஏதேனும் ஒரு கழகத்தின் அணியில் கழிந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த அங்கீகாரம் பெரிய ஈட்டம் என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் அது கட்சியின் நிலைபேறு. கூலிக்குப் போகும் ஒரு பெண்ணின் வாழ்வில் எது நிலைத்தது என்று கேட்க, மலையடிவாரத்துக்குச் செல்ல வேண்டும்.

போடிநாயக்கனூர், ஆட்சியாளர்களுக்குப் பழக்கப்பட்ட தொகுதி. 1989 சனவரியில் ஜெயலலிதா முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது இங்கிருந்துதான்; அதே ஆண்டில்தான் இவ்வட்டாரம் சாதிக் கலவரத்தில் எரிந்தது. 2011, 2016, 2021 ஆகிய மூன்று தேர்தல்களிலும் இங்கு வென்றவர் ஓ. பன்னீர்செல்வம். 2021இல் அவரை எதிர்த்துத் திமுக நிறுத்திய தங்க தமிழ்ச்செல்வனும் முன்பு அதிமுகவில் இருந்தவரே. வாக்காளர் முன் இரண்டு சின்னங்கள் இருந்தன என்பது மட்டும் உறுதி.

இவ்வூரின் தலித் தொழிலாளிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் போடியில் நடக்கிறது. காய் விளைவதோ பெரும்பாலும் மேலே, இடுக்கி மாவட்டத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பகுதிகளில். அங்கே காய் பறிக்கவும் களை எடுக்கவும் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறி, மாலையில் இறங்குகிறார்கள். அவர்களுடைய வாக்கு தமிழ்நாட்டில். அவர்களுடைய கூலியைத் தீர்மானிப்பது கேரளத்தின் தோட்டத் தொழிலாளர் குழு. அங்குள்ள ஆட்சியை அவர்களால் தேர்ந்தெடுக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது. சாதிச் சான்றிதழும் மெட்டோடு நின்றுவிடுகிறது. பட்டியல் சாதி என்னும் தகுதி அரசமைப்பின் 341ஆம் கூறின்படி மாநிலம் சார்ந்தது. குடிபெயர்ந்தவர் அதைப் புதிய மாநிலத்துக்கு எடுத்துச்செல்ல முடியாது என 1990இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. சோதனைச்சாவடியைத் தாண்டுகையில் தலித் பெண் வெறும் கூலியாள் ஆகிறாள். தீண்டாமைக்கு அப்படியொரு எல்லை இல்லை.

இந்த மலைகளில் தோன்றிய மெய்யான மூன்றாவது அரசியல் எந்தக் கட்சி அலுவலகத்திலும் பிறக்கவில்லை. 2015 செப்டம்பரில் மூணாறின் கண்ணன் தேவன் நிறுவனம் 10 விழுக்காடு போனஸ் மட்டுமே தரும் என்றானது. கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தார்கள். பெரும்பாலோர் தமிழர், அவர்களுள் பெரும்பகுதியினர், திருநெல்வேலி முதல் மதுரை வரையிலான ஊர்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய தலித் குடும்பத்தினர். நிர்வாகத்தை எதிர்த்த அதே மூச்சில் சிஐடியு, ஏஐடியுசி, ஐஎன்டியுசி என்னும் மூன்று சங்கங்களையும் எதிர்த்தார்கள். ஆளும் அணிக்கு ஒரு சங்கம், எதிரணிக்கு இரண்டு என்றிருந்த ஊரில், சந்தா வாங்கியவர் எல்லாரும் நிர்வாகத்தோடு ஒத்துப்போனார்கள் என்பதே அவர்களுடைய குற்றச்சாட்டு. தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரையே அருகில் விடாமல் திருப்பி அனுப்பினார்கள், வி.எஸ். அச்சுதானந்தனை மட்டும் தம்மோடு அமரவிட்டார்கள். 'பெம்பிளை ஒருமை' என்ற பெயர் அங்கே பிறந்தது. நம் ஊர் வழக்கில் பொம்பளை ஒற்றுமை. மலையாள நாளேடுகள் எழுதிய அப்பெயருக்குள் இருப்பது நம் சேரிகளின் தமிழ்தான் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு சிறு பெருமை உண்டு.

ஒன்பதாம் நாள், முதலமைச்சர் உம்மன் சாண்டி நடத்திய பேச்சில் 20 விழுக்காடு கிடைத்தது. அந்த மேசையில் பெண்களே அமர்ந்திருந்தார்கள். அடுத்த மாதம் மாநிலம் முழுவதற்குமான கூலிப் பேச்சு வந்தபோது காட்சி மாறிவிட்டது. பேசும் உரிமை தோட்டத் தொழிலாளர் குழுவில் இடம்பெற்ற சங்கங்களுக்கே இருந்தது. பெம்பிளை ஒருமை அப்போது பதிவு பெற்ற சங்கம்கூட இல்லை. எந்தச் சங்கங்களை விரட்டினார்களோ அவையே இவர்களுக்காகப் பேசின. 500 ரூபாய் நாட்கூலி கேட்கப்பட்டது. தேயிலைக்கு 232 ரூபாய் 301 ஆகவும், ஏலத்துக்கு 267 ரூபாய் 330 ஆகவும் உயர்ந்தது. போடியிலிருந்து மேலே செல்லும் பெண் மூணாறு மறியலில் அமர்ந்தவள் அல்லள். ஆயினும் ஏலத்தோட்டக் கூலிக்கான புதிய அளவுகோலை உருவாக்கியது அந்த மறியல்.

நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் பெம்பிளை ஒருமை மூன்று இடங்களை வென்றது. பிறகு தலைமைக்குள் பிளவு ஏற்பட்டது. சிலர் பழைய சங்கங்களுக்கே திரும்பினார்கள். 2017 ஏப்ரலில் அமைச்சர் எம்.எம். மணியின் இழிபேச்சைக் கண்டித்து மூணாறில் உண்ணாநிலை மேற்கொள்ளப்பட்டபோது, 2015இன் கூட்டம் அங்கே இல்லை. இதை வைத்து 'பெண்களால் இயக்கம் நடத்த முடியாது' என்று எழுதியவர்களுக்கு நாம் பதில் சொல்லத் தேவையில்லை. ஆணாதிக்கச் சங்கங்கள் நூறு தவறுகளுக்குப் பிறகும் நிற்பதற்குக் காரணம் அவற்றின் அறிவன்று. பதிவு, சந்தா, அலுவலகம், பேச்சுமேசையில் நிலையான நாற்காலி ஆகியவை.

எது நிலைத்தது? உயர்ந்த கூலி ஒப்பந்தத்தில் ஏறிவிட்டது. அடுத்த பேச்சு அதற்கு மேலிருந்துதான் தொடங்க முடியும். வீடும் நிலமும் ஒப்பந்தத்தில் ஏறவில்லை. தலைமுறை தலைமுறையாக உழைத்த தோட்டத்தில், பணி ஓய்வு பெற்ற அன்றே லயத்தை விட்டு இறங்க வேண்டும் என்னும் நிலை தொடர்ந்தது. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. 70 உயிர்கள் போயின. அவர்களும் பெரும்பாலும் நம் மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பங்களே.

எழுத்தில் ஏறியதும்கூடத் தானாக நிற்பதில்லை என்பதற்குப் போடியிலிருந்து மதுரை செல்லும் வழியிலேயே சான்று உண்டு. உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. வேட்புமனுவைத் தடுத்தும், வென்றவரைப் பதவி விலகச் செய்தும் பத்தாண்டுகள் அப்பதவிகளை வெறுமையாக்கினார்கள். இரு கழகங்களும் மாறி மாறி ஆண்ட காலம் அது. இப்பிரச்சினை மறக்கப்படாமல் காத்தவை விசிகவும் இடதுசாரிகளும் மனித உரிமை அமைப்புகளும். 2006இல் தேர்தலை நடத்தி முடித்ததோ திமுக அரசு. மூன்றாவது தரப்பு விடாமல் அழுத்த, ஆளும் தரப்பு கையெழுத்திட்டது. இதில் யாருக்குப் புகழ் என்ற வாதம் நமக்கு முக்கியமில்லை. ஒதுக்கீட்டைக் கேட்க ஆளில்லாத ஊர்களில் இன்றும் தலைவரின் நாற்காலியில் வேறொருவர் அமர்வதை நாம் அறிவோம்.

ஆகவே போடி வட்டாரத்தில் மூன்றாவது அரசியலைப் பேசுகிறவர்களிடம் எந்தத் தொகுதி, எத்தனை இடம் என்று கேட்பதற்கு முன்பாக, எந்த மேசை என்று கேட்க வேண்டியிருக்கிறது. 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம், 2001இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், பதிவுக்கே தொழிலாளர்களில் பத்தில் ஒரு பங்கினர் அல்லது 100 பேர், இவற்றில் எது குறைவோ அவ்வளவு உறுப்பினர்களைக் கேட்டது. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு பேச்சுமேசைக்கான படியை மேலும் உயர்த்துகிறது. பல சங்கங்கள் உள்ள இடத்தில் 51 விழுக்காட்டினரின் ஆதரவுள்ள சங்கமே பேசும். அப்படி எதுவுமில்லையெனில் 20 விழுக்காட்டுக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்களைக் கொண்ட குழு பேசும். 19 விழுக்காட்டினருடன் நிற்கும் புதிய சங்கத்துக்கு நாற்காலி கிடையாது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமோ 5 எக்டேரும் 15 தொழிலாளர்களும் உள்ள தோட்டங்களை மட்டுமே பேசியது. இடுக்கியின் சிறு ஏலத்தோட்டங்கள் பல அதற்குள் வரவேயில்லை.

51 என்பதையும் 20 என்பதையும் எதைக் கொண்டு எண்ணுவது? தொழிலகத்தின் மஸ்டர் ரோலில் உள்ள பெயர்களைக் கொண்டு என்கிறது சட்டத்தொகுப்பு. ஜீப்பில் மெட்டு ஏறி, ஒரு வாரம் ஒரு தோட்டம், மறுவாரம் வேறொன்று எனக் கங்காணி சொல்லும் இடத்தில் காய் பறிக்கும் போடிப் பெண்ணின் பெயர் பல தோட்டங்களில் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எனவே ஜீப் புறப்படும் இடத்தில் ஒரு குறிப்பேட்டுடன் நின்று, யார், எந்தத் தோட்டத்தில், எத்தனை நாள், என்ன கூலி என்று நாள்தோறும் குறித்துவைக்கும் வேலையிலிருந்து அங்கு எந்தச் சங்கமும் தொடங்க வேண்டும். தொழிலாளர் அதிகாரி முன்பும் நீதிமன்றத்திலும் அந்தக் குறிப்பேடு சான்றாக நிற்கும்.