வெட்டிய பதினொரு நொடி

படூரில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து முன்னாள் மாணவி ஒருத்தி தன் பைக் பயண வீடியோவை எடிட் செய்துகொண்டிருந்தாள். அவள் விடுதியில் கரண்ட் இல்லை. என் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. கேளம்பாக்கம், கோவளம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம்வரை விடியற்காலையில் ஓட்டியது. முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஹெல்மெட்டின் தாடையில் ஒட்டிய கேமரா எடுத்தது நாற்பது நிமிடம். அவள் பதிவேற்றப்போவது ஆறு. உப்பளங்களின் வெளிச்சத்தை முழுதாக வைத்துக்கொண்டாள். வடநெம்மேலிக்கு அருகே இரண்டு பேர் பக்கத்தில் ஒட்டிவந்து, "பொண்ணுடா" என்று கத்தி, இடிப்பதுபோல் வளைந்துபோன பதினொரு நொடியை வெட்டினாள்.

"ஏம்மா அத எடுக்குற?"

"வீட்ல பாத்தா வண்டிச் சாவிய வாங்கி வச்சுப்பாங்கம்மா."

பெண்கள் சாலைக்கு வந்த கதையை வகுப்பில் சொல்லும்போது நான் புதுக்கோட்டையிலிருந்து தொடங்குவேன். 1991இல் அங்கே ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவுப் பணியோடு சைக்கிள் கற்பதையும் சேர்த்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்தபடி புதுக்கோட்டை நகரில் வலம் வந்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று சிலர் அதையே விரும்பினார்கள். பி. சாய்நாத் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். நான் பார்த்த புகைப்படங்களில் அந்தப் பெண்கள் நம்மை நோக்கி வருகிறார்கள். அவர்கள் கண்ணுக்கு அந்தச் சாலை எப்படித் தெரிந்தது என்பது எந்தப் படத்திலும் இல்லை.

ஹெல்மெட் கேமரா இதைத் தலைகீழாக்கிவிட்டது. சாலை முழுக்கத் தெரிகிறது. ஓட்டுபவள் தெரிவதில்லை, இரண்டு கையுறைகளைத் தவிர. 1890களின் இறுதியில் ரயில் எஞ்சின் முகப்பில் கேமராவை வைத்து எடுத்த படங்களுக்கு ஆங்கிலேயர் பேய்ச் சவாரி என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். ஆளில்லை, பார்வை மட்டும் விரைகிறது. உடம்பைக் கழற்றிவைத்துவிட்டுச் சாலையைப் பார்ப்பது பெண்ணுக்குப் பெரிய சுகம்தான். இன்னும் பின்சீட்டுக்காரியான நான் இவள் வீடியோக்களை அதற்காகவே பார்க்கிறேன். அந்த "பொண்ணுடா"தான் உடம்பைத் திரும்பக் கொண்டுவருகிறது. அதை வெட்டிவிட்டால், நாளை இந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் 'அப்போதே சாலை எல்லோருக்கும் திறந்திருந்தது' என்று எழுதிவிடுவார்களே!

நெதர்லாந்தின் நோராலி ஸ்கூன்மேக்கர் 2018இல் இந்தியாவில் வாங்கிய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனில் தனியாகப் புறப்பட்டு, 'இட்சி பூட்ஸ்' என்ற பெயரில் யூடியூபில் உலகறிந்தவரானார். அந்த நிறுவனத்தின் ஆலைகள் எங்களுக்குப் பக்கத்தில், ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும்தான் இருக்கின்றன. தனியாகப் போகிறவள் தானும் படத்தில் வர வேண்டுமென்றால், ஓரமாகக் கேமராவை நிறுத்திவிட்டு, ஓட்டிக் கடந்து, திரும்பிவந்து அதை எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பிவந்தது வெட்டில் போய்விடும். ஈசிஆரில் அப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டேன். சிரித்தாள்.

வெட்டியதையாவது அழிக்காதே என்றேன். மெமரி கார்டில் இடமில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டும் என்றாள். என் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து, முனைவர் பட்ட ஆய்வேட்டின் வரைவுகளை அழித்து இடம் செய்தேன்.

"என்ன பேர் வைக்கம்மா?"

"தேதி போடு. வடநெம்மேலின்னு போடு."