குடவோலை, ஓட்டு மெஷின், செயற்கை நுண்ணறிவு: கேள்வி ஒன்றுதான்!



இப்போது எங்கே போனாலும் ஏ.ஐ. பேச்சுதான். "எல்லா வேலையையும் அதுவே செஞ்சிடுமா?", "அது சொல்றதை நம்பலாமா?", "நாளைக்கு நம்மையே ஆட்டி வைக்குமா?" என்று டீக்கடையிலும் கேட்கிறார்கள், வகுப்பிலும் கேட்கிறார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகுதான் இந்தக் கேள்விகள் பிறந்தன என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் இவை ரொம்பப் பழைய கேள்விகள். எங்கள் திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உத்திரமேரூரிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

குடத்தை ஏன் நம்பினார்கள்?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919, மற்றொன்று கி.பி. 921. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த குடவோலை முறை இதுதான். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள்.

யோசித்துப் பாருங்கள், முடிவெடுப்பது மனிதன் அல்ல, ஒரு குடம்! அதை எப்படி ஊர் நம்பியது?

கல்வெட்டு அதற்கும் பதில் சொல்கிறது. சிறியவர் முதல் பெரியவர் வரை சபை கூட வேண்டும். பெரியவர் ஒருவர் எல்லோரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது தெரியாத ஒரு சிறுவன்தான் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் (கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது அல்லவா!). அவன் வாசித்த பிறகு, அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதையே வாசிக்க வேண்டும்.

யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை என்பதும் கல்லிலேயே இருக்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல் 70க்குள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது, அவருடைய உறவினரும் முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். 919ல் எழுதிய விதியை இரண்டே வருடத்தில் திருத்தி எழுதினார்கள்.

ஆனால் இதை அப்படியே கொண்டாடிவிடவும் முடியாது. இது பிராமணர்களின் சபை. பெண்களுக்கு இடமில்லை, மற்ற சாதியாருக்கு இடமில்லை, நிலமில்லாதவருக்கும் இடமில்லை. குடத்துக்குள் ஓலையே போகாதவர் பெயர் எத்தனை தடவை குலுக்கினாலும் வெளியே வராது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

வேலை போய்விடுமா?

அடுத்து வேலை பயம். 1960களில் எல்.ஐ.சி.க்குக் கம்ப்யூட்டர் வந்தபோது ஊழியர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. கல்கத்தாவில் கம்ப்யூட்டரை உள்ளே விடாமல் ஊழியர்கள் காவல் காத்தார்கள். வங்கிகளில் 1983ல் சங்கங்களும் நிர்வாகமும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. எந்த வேலைக்கு இயந்திரம், எந்த அளவுக்கு என்பதையெல்லாம் பேசி எழுதினார்கள். அன்று எதிர்த்தவர்களைப் பார்த்து இன்று சிரிப்பது சுலபம். அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான்: "இயந்திரத்தால் வரும் லாபம் யாருக்கு? நஷ்டம் யாருக்கு?" இன்றைக்கு ஏ.ஐ. பற்றி நாம் கேட்பதும் இதையேதான்.

ஓட்டு மெஷின் கதை

குடவோலைக்கு நவீனத் தம்பி என்றால் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்தான். இதை உருவாக்கிய நிறுவனங்களில் ஒன்றான பாரத் எலக்ட்ரானிக்ஸில் அந்தப் பணியில் முக்கியப் பங்கு வகித்தவர் நம் எழுத்தாளர் சுஜாதா. 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற ரோபோ நாய்க்குட்டியைக் காட்டித் தமிழ் வாசகர்களை ஏ.ஐ. பற்றி யோசிக்க வைத்தவரும் அவரே!

1982ல் கேரளாவின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக இதைப் பயன்படுத்தினார்கள். 1984ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று சொல்லி, அந்தச் சாவடிகளில் மறுதேர்தல் நடத்தச் சொன்னது. பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் நாடு முழுக்க இந்த இயந்திரம்தான்.

சந்தேகம் மட்டும் போகவில்லை. "நான் அமுக்கிய பட்டனுக்குத்தான் ஓட்டு விழுந்ததா?" 2013ல் உச்ச நீதிமன்றம் ஒப்புகைச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னது. 2019 தேர்தலில் எல்லாத் தொகுதிகளிலும் வந்தது. ஏழு விநாடி கண்ணாடி வழியாக நம் ஓட்டை நாமே பார்க்கலாம். அதோடு ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஐந்து சாவடிகளின் சீட்டுகளை எண்ணிச் சரிபார்க்கிறார்கள். அந்த ஐந்து எவை என்று எப்படி முடிவு செய்கிறார்கள் தெரியுமா? வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில், சாவடி எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து! 1,100 வருடம் கழித்து நாம் மறுபடியும் குடத்துக்கே வந்திருக்கிறோம்.

இப்போது என்ன ஆபத்து?

ஏ.ஐ. உலகை அழித்துவிடுமா என்பதைவிட நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஆபத்து வேறு. நமக்கு ரேஷன் கார்டு உண்டா, உதவித்தொகை உண்டா, கடன் உண்டா என்று கணினி முடிவு செய்வதுதான் அது. தெலங்கானாவில் கணினி பொறுக்கி எடுத்த பட்டியலை வைத்து, வீட்டுக்குப் போய் விசாரிக்காமலேயே லட்சக்கணக்கான ரேஷன் கார்டுகளை ரத்து செய்தார்கள். 2022ல் உச்ச நீதிமன்றம் நேரில் போய் மறுபடி விசாரிக்கச் சொன்னது. அதுவரை அரிசி கிடைக்காமல் இருந்த ஏழைக் குடும்பம் யாரிடம் போய்க் கேட்டிருக்கும்?

இதோடு நம் காஞ்சிபுரத்தில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள். வருமானம், நிலம், மின்சாரம் என்று தகுதி விதிகளை முன்பே அறிவித்தார்கள். நிராகரித்தவர்களுக்குக் காரணத்தைச் சொன்னார்கள். 30 நாளில் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி வைத்தார்கள். விதிகள் எல்லோருக்கும் பிடித்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் "ஏன் எனக்கு இல்லை?" என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். அதுதான் முக்கியம்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை யாராவது "ஏ.ஐ. ரொம்ப புத்திசாலி, தப்பே செய்யாது" என்று சொன்னால் அதன் புத்தியைப் பற்றி வாதாடாதீர்கள். குடத்துக்குப் புத்தியே கிடையாது, ஆனாலும் ஊர் நம்பியது. விதி சுவரில் இருந்தது, குடம் கண்ணெதிரே இருந்தது, ஓலையைப் பலர் வாசித்தார்கள், விதி தப்பென்றால் திருத்தவும் செய்தார்கள்.

ஏ.ஐ.யிடமும் நான்கு கேள்விகள் போதும். உன் விதி எந்தச் சுவரில் எழுதியிருக்கிறது? நீ எடுப்பதை நாங்கள் பார்க்க முடியுமா? தப்பு நடந்தால் யார் கணக்குக் காட்டுவார்? கடைசியாக, உன் குடத்துக்குள் யாருடைய ஓலை போகவே இல்லை?

பதில் இல்லாத இயந்திரம் எவ்வளவு புதியதாக இருந்தாலும், அதைவிட நம் பழைய மண்குடமே மேல்!