நிங்ருலாவின் 35 பெட்டிகள்

1841 மே 26 அன்று கல்கத்தாவில் மெக்கன்சி லயால் நிறுவனம் 130 பெட்டி அசாம் தேயிலையை ஏலம் விட்டது. லண்டனில் அசாம் தேயிலை அதற்கு முன்பே விலைபோயிருந்தது. கல்கத்தா சந்தைக்கு இதுதான் முதல் வரத்து. 95 பெட்டிகள் அரசுத் தோட்டங்களில் விளைந்தவை. மீதி 35 பெட்டிகளை அரசு உதவியோடு தயாரித்தவர் நிங்ருலா என்ற சிங்போ தலைவர். ஏல அறிவிப்பிலேயே அவர் பெயர் இருந்தது. எல்லைப்புறப் பழங்குடித் தலைவர் ஒருவரின் சரக்கு அவர் பெயராலேயே கிழக்கிந்தியக் கும்பினியின் தலைநகரில் விற்பனைக்கு வந்தது, அந்தக் காலத்தில் சின்ன விஷயமல்ல.

அந்த இலை கல்கத்தாவுக்கு வந்த கதை இன்னும் பழையது. அசாமின் கிழக்குக் கோடியில், பட்காய் மலையடிவாரத்தில், திஹிங் ஆற்றங்கரைக் காடுகளில் தேயிலை மரமாகவே வளர்ந்து நின்றது. சிங்போக்கள் அதன் கொழுந்தைப் பறித்துச் சட்டியில் வாட்டுவார்கள். மூங்கில் குழாயில் போட்டுக் குச்சியால் இடித்து இறுக்குவார்கள். குழாயை நெருப்பில் காட்டி, வாயை இலையால் கட்டி, வீட்டு அடுப்பின் புகைபடும் இடத்தில் தொங்கவிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் கெடாது. தேவைப்படும்போது ஒரு துண்டு வெட்டிக் கொதிநீரில் போட்டால் போதும். பலாப் என்ற பெயரில் இன்றும் அது அங்கே தயாராகிறது. ஆக, வெள்ளைக்காரர் வருமுன்பே செடியும் இருந்தது, பக்குவமும் இருந்தது, குடிக்கும் வழக்கமும் இருந்தது.

1823இல் ராபர்ட் புரூஸ் என்ற ஸ்காட்லாந்து வணிகர் அசாமின் ரங்க்பூருக்குப் போனார். பீசா காம் என்ற சிங்போ தலைவரைப் பற்றி அவருக்குச் சொன்னவர் அசாமியப் பிரமுகர் மணிராம் தத்தா பருவா. பிற்காலத்தில் மணிராம் திவான் என்று அறியப்பட்டவர் இவர்தான். செடி தருவதாக பீசா காம் வாக்களித்தார். மறு ஆண்டே புரூஸ் இறந்துபோனார். வாக்கு மட்டும் பொய்க்கவில்லை. பர்மியப் போரில் பீரங்கிப் படகுகளோடு சாதியாவுக்கு வந்த தம்பி சார்லஸ் புரூஸின் கைக்குச் செடியும் விதையும் வந்து சேர்ந்தன. அவற்றில் சில கவர்னர் ஜெனரலின் ஏஜென்டான டேவிட் ஸ்காட்டிடம் போயின. அவர் 1825இல் இலைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்.

ஹூக்ளி ஆற்றுக்கு அக்கரையில், சிப்பூர் தாவரவியல் தோட்டத்தில், நதானியேல் வாலிச் அவற்றைப் பார்த்தார். கமேலியா இனம்தான், சீனத்துத் தேயிலை என்று சொல்ல முடியாது என்றார். பூவும் காயும் இல்லாமல் வெறும் இலையை வைத்து முடிவு சொல்வது கடினம்தான். ஆனால் காலங்காலமாக அதைக் குடித்து வந்தவர்களின் சொல்லை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதே எனக்கு உறுத்துகிறது.

1826 மே மாதம் ஸ்காட்டுக்கும் 16 சிங்போ தலைவர்களுக்கும் சாதியாவில் உடன்படிக்கை ஆனது. பர்மாப் பக்கம் அசைவு தெரிந்தால் தகவல் தர வேண்டும். பிடித்து வைத்திருக்கும் அசாமியரை விடுவிக்க வேண்டும். அந்தக் கைதிகள்தான் சிங்போ வயல்களில் உழைத்தவர்கள். அவர்கள் விடுதலை பெற்றது நியாயம், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதனால் தலைவர்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது. கும்பினி மீதான மனக்கசப்பு அப்போதே தொடங்கியது.

சீன வாணிபத்தில் கும்பினிக்கு இருந்த ஏகபோகம் 1833 சட்டத்தோடு போயிற்று. உடனே தேயிலைமேல் அக்கறை பிறந்தது. 1834இல் கவர்னர் ஜெனரல் பென்டிங்க் தேயிலைக்கென ஒரு குழு அமைத்தார். அசாமிலிருந்த அதிகாரிகள் ஜென்கின்ஸும் சார்ல்டனும் காய்களோடு மாதிரிகள் அனுப்பினார்கள். அசாமில் தேயிலை இயற்கையாகவே வளர்கிறது என்று அந்த டிசம்பர் 24 அன்று கல்கத்தாவில் முடிவானது. அப்படியும் சீன விதைமேல் இருந்த மோகம் தீரவில்லை. சீன விதையிலிருந்து கல்கத்தாவில் முளைத்த சுமார் 42,000 நாற்றுகளில் 20,000 மேல் அசாம் பகுதிக்கும், 20,000 இமயமலைப் பக்கத்துக்கும், 2,000 நம் நீலகிரி உள்ளிட்ட தென்னகத்துக்கும் போயின. கடைசியில் அசாமில் வென்றது சிங்போ காட்டுச் செடிதான்.

1839 ஜனவரி 10 அன்று லண்டனில் எட்டுப் பெட்டிகள் ஏலம் போயின. ராத்தலுக்கு 34 ஷில்லிங் வரை விலை ஏறியது. அதே ஆண்டில் அசாம் கம்பெனி பிறந்தது. அரசுத் தோட்டங்களில் பெரும்பகுதி அடுத்த ஆண்டு அதன் கைக்கு வந்தது. அதிகாரிகளுக்குப் பதக்கங்கள் கிடைத்தன.

காடு தோட்டமாக மாற மாற, யாருடைய நிலம் என்ற கேள்வி முற்றியது. 1843இல் சிங்போக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கும்பினிப் படை அடக்கியது. செடி தருவதாக வாக்களித்த பீசா காமுக்கு திப்ருகரில் ஆயுள் சிறை. கல்கத்தாவில் நிங்ருலாவின் பெட்டிகள் விற்று இரண்டு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. மணிராமின் முடிவும் கொடியது. அசாம் கம்பெனியில் திவானாக இருந்து, விலகி, சொந்தத் தோட்டம் போட்ட அவர் 1857 கிளர்ச்சியின்போது கல்கத்தாவில் கைதானார். 1858 பிப்ரவரி 26 அன்று ஜோர்ஹாட்டில் தூக்கிலிடப்பட்டார்.

1861 டிசம்பர் 27 முதல் கல்கத்தாவில் முறையான தேயிலை ஏலம் தொடங்கியது. பின்னாளில் அதற்குப் பேர்போன இடம் நீல்ஹாட் ஹவுஸ். அசாம் தேயிலையைக் 'கண்டுபிடித்தவர்' ராபர்ட் புரூஸ் என்று இன்றும் எழுதுகிறார்கள். அந்த வரியை எழுதுகிற ஆசிரியர்களும் பாடநூல்காரர்களும், செடியைத் தந்த பீசா காமின் பெயரையும் கல்கத்தாவின் முதல் ஏலத்துக்குச் சரக்கு அனுப்பிய நிங்ருலாவின் பெயரையும் அதே பக்கத்தில் சேர்க்க வேண்டும்.