பிரெஞ்சு பீன்ஸ் பிரெஞ்சுக்காரனுடையது அல்ல

டெக்சாஸிலிருந்து பேத்தி ஒரு மாத விடுமுறைக்கு வந்திருந்தாள். வந்த மூன்றாம் நாளே, "தாத்தா, எனக்கு மெக்ஸிகன் பீன்ஸ் செஞ்சு தர்றீங்களா?" என்றாள். அங்கே அவள் பள்ளித் தோழியின் வீட்டில் அது அன்றாடச் சாப்பாடாம். டப்பா பீன்ஸ் தேடி ஊரைச் சுற்றுவானேன், நாமே வேகவைத்தால் போயிற்று என்று அண்ணாச்சி கடையில் அரைக் கிலோ சிவப்பு ராஜ்மா வாங்கி வந்தேன்.

பக்கத்து வீட்டு அம்மா பையை எட்டிப் பார்த்தார்கள். "என்ன அண்ணாச்சி, மொச்சை இல்லையா, தட்டாம்பயறு இல்லையா? எதுக்கு இந்த வெளிநாட்டுச் சரக்க வாங்கிட்டு வாறிய?" என்றார்கள். அவர்கள் கையில் ஒரு முறம் இருந்தது. அதில் மிளகாய் வற்றல். பதில் அந்த முறத்திலேயே இருந்தது. ஆனால் நான் வாய் திறக்குமுன் பேத்தி கேட்டுவிட்டாள்: "அப்போ நானும் வெளிநாட்டுச் சரக்கா பாட்டி?" அந்த அம்மா பதறிப்போய் அவளை அணைத்துக்கொண்டார்கள். அந்தக் கேள்வி மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.

மிளகாய் மெக்ஸிகோ மண்ணில் பயிராகி வந்த செடி. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498இல். கோர்த்தெஸ் என்ற ஸ்பானியன் அஸ்தெக்குகளின் தலைநகரைப் பிடித்தது 1521இல். அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை, முத்துக்குளித்துறையின் பரதவர்கள் கடலில் தங்கள் உரிமையைக் காத்துக்கொள்ளக் கொச்சிக்குத் தூது போய்ப் போர்ச்சுக்கீசியரின் துணையை நாடினார்கள். 1530களில் ஏறக்குறைய 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் சவேரியார் வந்தார். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடிக்கும்வரை இந்தக் கரையில் போர்ச்சுக்கீசியக் கப்பல்களின் செல்வாக்குத்தான்.

அந்தக் கப்பல்காரர்களிடமிருந்து சாவி, சன்னல், மேசை, அலமாரி என்ற சொற்கள் நம் வீட்டுக்குள் வந்தன. அமெரிக்கக் கண்டத்தின் மிளகாய், முந்திரி, அன்னாசி, பப்பாளி ஆகியவையும் போர்ச்சுக்கீசியர் வழியாகவே இந்தியாவுக்கு வந்தன. அதுவரை நமக்குக் காரம் என்றால் மிளகுதான். புதிய காய்க்கு நம்மவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள்: மிளகு போலக் காரமான காய், மிளகாய். சோளம் போல இருந்த இன்னொன்றுக்கு மக்காச்சோளம் என்று பெயர். மக்காவுக்கும் அதற்கும் பயிர் வகையில் சம்பந்தமில்லை, அதுவும் மெக்ஸிகோப் பிள்ளை. பெயர் வைத்துவிட்டால் பிள்ளை நம்முடையது ஆகிவிடுகிறது.

பீன்ஸுக்கும் அப்படித்தான் நடந்தது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே பீன்ஸுக்கு 'அரிக்கோ' என்று பெயர். 'லெ அரிக்கோ' என்று பிரித்துச் சொல்ல வேண்டும். 'லரிக்கோ' என்று சேர்த்துச் சொன்னால் ஆசிரியர் முறைப்பார். மெக்ஸிகோவின் நாவாட்டல் மொழியில் 'அயக்கோட்லி' என்று ஒரு பீன்ஸ் உண்டு, அதிலிருந்து வந்தது இச்சொல் என்று ஒரு கட்சி. இல்லை, கறியைத் துண்டு போடுவதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல் என்று இன்னொரு கட்சி. சொல் எப்படியோ, செடி அமெரிக்காவுடையது. கொலம்பசுக்கு முன் பிரான்சில் இந்தச் செடி இல்லை. ஆங்கிலேயன் அதை 'பிரெஞ்சு பீன்ஸ்' என்றான், நாமும் காய்கறிக் கடையில் அப்படியே கேட்கிறோம். குளிர் விரும்பும் செடி என்பதால் அது கொடைக்கானலிலும் நீலகிரியிலும் தங்கிவிட்டது. மிளகாயோ வெயிலுக்கு அஞ்சாமல் விளாத்திகுளம் கரிசல்வரை வந்துவிட்டது.

இனி என் சமையல் கதை. முதல் நாள் தோற்றேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் போட்டு, ஆரம்பத்திலேயே தக்காளியையும் சேர்த்துவிட்டேன். இரண்டு மணி நேரமாகியும் கல் மாதிரியே கிடந்தது. உப்புக்கடினமான நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து தோலை இறுக்கும். புளிப்பு சேர்ந்தாலும் வேகாது. புளியை ஊற்றியபின் பயறு வேகாது என்பது நம் வீட்டுப் பெண்களுக்கு எப்போதோ தெரிந்த பாடம். எனக்கு எழுபது வயதுக்குமேல் தெரிந்தது.

மறுநாள் நல்ல தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் மண்சட்டியில் ஏற்றினேன். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: சிவப்பு ராஜ்மாவில் பச்சையாக ஒரு நச்சுப்பொருள் உண்டு. அரைமணி நேரமாவது தளதளவென்று கொதித்தால்தான் அது போகும். கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டிலேயே வைத்தால் நஞ்சு கூடுமே தவிரக் குறையாது. வாந்தியும் பேதியும் படுத்தும். நன்றாகக் கொதித்த பிறகு தீயைக் குறைத்து, பாதி வெங்காயம், நான்கு பல் பூண்டு போட்டு, மசியும்வரை விட்டு, கடைசியில் நம் ஊர் உப்பு. மெக்ஸிகோவில் வாயுவுக்கு 'எப்பசோட்டே' என்ற இலையைப் போடுவார்கள். நான் பெருங்காயம் போட்டேன். மிளகாயையும் தக்காளியையும் அம்மியில் அரைத்தேன். அங்கேயும் 'மெத்தாத்தே' என்று குழவியோடு கூடிய கல் உண்டு, கிட்டத்தட்ட நம் அம்மிதான். வெந்த பீன்ஸில் பாதியை எண்ணெயில் மசித்து வதக்கினால் 'பிரிஹோலெஸ் ரெஃப்ரீத்தோஸ்'. இரண்டாம் முறை வறுத்தது என்று பலர் பொருள் சொல்கிறார்கள். நன்றாக வறுத்தது என்பதே சரி.

அவர்கள் அதை மக்காச்சோள ரொட்டியோடு தின்பார்கள். தானியத்தில் குறைவான புரதச் சத்தைப் பயறு ஈடுகட்டும். நாம் சோற்றையும் பருப்பையும் சேர்த்த அதே கணக்கு. கடல் கடந்து யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே இரண்டு பக்கமும் கண்டுபிடித்த கணக்கு.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது, "நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. கொஞ்சம் புளி மட்டும் விட்டிருந்தா நம்ம மொச்சைக் குழம்பேதான்" என்றார்கள்.

புளியமரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்பதையும், அராபியர் அதற்கு 'இந்தியப் பேரீச்சை' என்று பெயர் வைத்ததையும் அன்றைக்கு அவர்களிடம் சொல்லவில்லை. பேத்திக்கு மட்டும் இரவில் சொன்னேன். "அப்போ எல்லாமே எங்கிருந்தோ வந்ததா தாத்தா?" என்றாள். வந்து, இங்கே வெந்து, நம் உப்பைத் தின்ற பிறகு நம்முடையதுதான் என்றேன். அவள் சிரித்துவிட்டு, மிச்சமிருந்த பீன்ஸில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.