காதலைக் கணித்தல்: சீனமும் குறிஞ்சியும்

மணம் பேசும்போது பெண்ணின் பிறப்பு விவரத்தை வாங்கிக் குறி பார்ப்பது பழஞ்சீன மணச் சடங்குகளுள் ஒன்று. பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டாக 8 எழுத்துகள். இதில் நாளின் கீழெழுத்து துணைவருக்குரிய இடம். எலி, முயல், குதிரை, சேவல் ஆகிய நான்கும் 'பீச் மலர்'; அதாவது காதல் ஈர்ப்பு.

நம் சங்கப் பாடல்களில் பிறந்த நேரம் பேச்சில் இல்லை. திங்கள் உரோகிணியைச் சேரும் நாளில் மணம் நடந்ததை அகநானூறு 86, 136 ஆகிய பாடல்கள் காட்டுகின்றன. அது மணநாளுக்குப் பார்த்தது. மகள் மெலிந்தால் முறத்து நெல்லில் கட்டும், கழற்சிக்காயில் கழங்கும் பார்த்தார்கள். பெரும்பாலும் முருகன் மேல் பழி விழும். அவளையே கேட்டிருக்கலாம்!

திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றினுள் கபிலர் குன்று உள்ளது. பாரி மகளை மலையனுக்குக் கொடுத்தபின் கபிலர் தீப்புகுந்த செய்தியை இவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டு சொல்கிறது. முன்னர் விச்சிக்கோவும் இருங்கோவேளும் அப்பெண்களை ஏற்கவில்லை. அதில் நட்சத்திரத்துக்குப் பங்கில்லை. அவர் பாடிய 261 அடிக் குறிஞ்சிப்பாட்டில் செவிலி காரணம் தெரியாமல் அறிந்தவர்களைக் கேட்டு வருந்துகிறாள். விடை தருபவள் தோழி. தலைவியின் காதலை நடந்தது நடந்தபடி எடுத்துச் சொல்கிறாள்.