மாலை வகுப்பில் பிறந்த துறை

வழக்கமாக ஒரு பாடம் முதலில் பல்கலைக்கழகத்தில் ஊன்றி, பேர் வாங்கி, அப்புறம்தான் பொதுமக்களுக்கான மாலை வகுப்புக்கு இறங்கி வரும். இங்கிலாந்தில் உள்ளூர் வரலாறு தலைகீழாகப் போனது. வேலை முடித்து வந்தவர்களுக்கு நடந்த வகுப்பிலிருந்து அது பல்கலைக்கழகத்துக்கு ஏறியது.

நடந்த இடம் லெஸ்டர். பின்னலாடையும் காலணியும் செய்து பிழைத்த நகரம். அங்கே 1862இல் டேவிட் வான் என்ற பாதிரியார் தொழிலாளர்களுக்காக ஒரு கல்லூரியைத் தொடங்கினார். அடுத்த நூற்றாண்டில் அது நகரின் பல்கலைக்கழகக் கல்லூரியோடு சேர்ந்து, ‘வான் கல்லூரி’ என்ற பெயரில் மாலை வகுப்புகளைத் தொடர்ந்தது.

1931இல் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் லெஸ்டருக்கு வந்து சேர்ந்தார். எக்ஸிட்டர் நகரத்து ரொட்டிக்கடைக்காரர் மகன். வேலை, அந்தப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வணிகவியல் விரிவுரையாளர். அந்தப் பாடத்தில் அவருக்கு ஒட்டுதல் இல்லை. பழைய நிலப் பத்திரங்களிலும் பண்ணை வீடுகளிலும்தான் மனம் கிடந்தது. அந்த ஆசைக்கு வடிகாலாக அமைந்தது வான் கல்லூரி. பகலில் வணிகவியல், மாலையில் உள்ளூர் வரலாறு. நேரமும் தோதாக இருந்தது. அந்த 1930களில்தான் தொல்லியலாளர் கேத்லீன் கென்யன், ஜூரி வால் என்ற ரோமானியச் சுவரை ஒட்டி, நகரத்துக்குள்ளேயே அகழாய்வு நடத்திக்கொண்டிருந்தார். வரலாறு எங்கோ லண்டனில் இருக்கிறது என்று லெஸ்டர்க்காரர் யாரும் சொல்ல முடியாத காலம்.

அரசர்களின் வரிசையைச் சொன்னால் மாலை வகுப்புக்கு வரும் பெரியவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். அவர்கள் தினமும் கடக்கும் தெருவைப் பற்றிச் சொன்னால் விட மாட்டார்கள். அது ஏன் அப்படி வளைகிறது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது. வாத்தியார் கிளம்பிப் போய்த்தான் பார்க்க வேண்டும். இந்தத் துறையில் வெளிநடை என்பது பாடம் முடிந்தபின் போகும் உல்லாசப் பயணமாக இல்லாமல் பாடமாகவே ஆனது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

லெஸ்டருக்குக் கிழக்கே இருக்கிற இங்கர்ஸ்பியை எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா பார்த்தால் ஆடு மேயும் புல்வெளி. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் தரை முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக இருக்கும். நம் ஊர் நத்தமேடு மாதிரிதான், மேலே புல், கீழே ஊர். நீளமாகக் குழிந்து போகிற பள்ளம் ஒரு காலத்துத் தெரு. அதன் இரு பக்கமும் சதுரச் சதுரமாகத் தெரியும் மேடுகளில் வீடுகள் நின்றன. இந்த மாதிரி ஊர்களைச் சுற்றி வரிவரியாக ஓடுகிற வரப்பும் சாலும் இடைக்கால உழவின் தடம். கலப்பை மண்ணை எப்போதும் வரியின் நடுவுக்கே தள்ளியதால் நடு உயர்ந்தது. வரிகள் நேராக இல்லாமல் லேசாக நெளிந்திருப்பதற்குக் காரணம், நீண்ட எருதுப் பூட்டை வயலின் முனையில் திருப்ப இடம் வேண்டியிருந்தது.

ஊர் என்ன ஆயிற்று? கொள்ளைநோயில் அழிந்திருக்கும் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். அந்த நோய் வந்தது 1348இல். இங்கர்ஸ்பியை லெஸ்டர் மடம் வேலியடைத்து ஆட்டுக்கு விட்டது 1469இல். கம்பளிக்கு நல்ல விலை. உழவுக்கு ஆள் தேவை, மேய்ச்சலுக்கு ஒரு மேய்ப்பன் போதும். துறவிகள் கணக்குப் போட்டார்கள், ஊர் காலியானது.

இப்படிக் கைவிடப்பட்ட ஊர்களைத் தேடிய ஒருவரும் ஹாஸ்கின்ஸைப் போலவே பெரியவர்களுக்கான வகுப்பு வழியே வந்தவர்தான். மாரிஸ் பெரெஸ்ஃபோர்டு 1940களில் ரக்பி நகரில், பெரியவர்களுக்கான கல்வி நிலையம் ஒன்றில் வேலை பார்த்தார். அக்கம்பக்கத்து வயல்களை நடந்து பார்த்துப் பழகிய கண் அவருடையது. 1954இல் இங்கிலாந்தின் தொலைந்த ஊர்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் வந்தது. யார்க்‌ஷயரின் வாரம் பெர்சி என்ற ஊரில் அவர் தொடங்கிய அகழாய்வு 1990 வரை கோடைதோறும் நடந்தது; மண் தோண்டியவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்.

லெஸ்டரில் ஹாஸ்கின்ஸுக்குக் கைகொடுத்தவர் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வர் ஃபிரெடரிக் அட்டன்பரோ. திரைப்பட இயக்குநர் ரிச்சர்ட், இயற்கை ஆவணப்படங்களின் டேவிட் ஆகிய அட்டன்பரோக்களின் அப்பா. இடைக்கால இங்கிலாந்தைப் படித்தவர், புகைப்படப் பிரியர். ஹாஸ்கின்ஸின் புத்தகங்களுக்குப் படம் எடுத்துக் கொடுத்தார். முதல்வரே கேமராவோடு கூட வந்தால் துறை கிடைக்காமல் போகுமா? 1948இல் ஆங்கில உள்ளூர் வரலாற்றுத் துறை அங்கே தொடங்கியது. பிரிட்டனில் அப்படியொரு துறை அதுதான் முதல். ஹாஸ்கின்ஸ் அதன் தலைவர்.

1955இல் அவர் எழுதிய ‘தி மேக்கிங் ஆஃப் தி இங்கிலிஷ் லேண்ட்ஸ்கேப்’ ஆவணக் காப்பகத்தை எட்டிப் பார்க்காதவர்களையும் வயல்வெளிக்கு இழுத்தது. பிறகு மாக்ஸ் ஹூப்பர் என்ற சூழலியலாளர் ஒரு கணக்குச் சொன்னார்: உயிர்வேலியில் 30 கஜ நீளத்துக்கு எத்தனை வகை மரம், புதர் இருக்கிறதோ, வேலிக்குக் கிட்டத்தட்ட அத்தனை நூறு வயது. ஹாஸ்கின்ஸ் அதைப் பரப்பினார். வார இறுதியில் கிளம்புகிற குழுக்கள் நோட்டும் பென்சிலுமாக வேலி எண்ண ஆரம்பித்தன. இந்தக் கணக்கு எல்லா ஊருக்கும் பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். ஆனாலும் செடிகளைப் பெயர் சொல்லத் தெரிந்த ஒரு தோட்டக்காரர் வரலாற்றாசிரியருக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடிய இடம் அது. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்ததும் அதுதான்.

வான் கல்லூரிக்கு 1962இல் புதுக் கட்டடம் கிடைத்தது. ஜூரி வால் அருங்காட்சியகத்தின் மாடியில், ரோமானியச் சுவரைப் பார்த்தபடி வகுப்பறைகள். பல பத்தாண்டுகளுக்குப் பின் லெஸ்டர் பல்கலைக்கழகம் முதலில் கட்டடத்தை விட்டது, அப்புறம் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்திய அந்தப் பிரிவையே மூடியது. அங்கே பாடம் நடத்தியவர்கள் சிலர் சேர்ந்து, கூட்டுறவு அமைப்பாக, அதே வான் பெயரில் வகுப்புகளைத் தொடங்கினார்கள்.